குளுக்கோஸ் ஏற்றாமல் அனுப்பிவிட்டார்களே!

கேள்வி: என் மூன்று வயது மகள் (12 கிலோ) ஒரே இரவில் எட்டு முறை வாந்தி எடுத்தாள், பேதியும் ஆயிற்று. மாமியார் தொக்கம் எடுக்கலாம் (வயிற்றில் சிக்கியதாகச் சொல்லப்படுவதை நாட்டு முறையில் எடுப்பது) என்றார். நாங்கள் பயந்து வேலூருக்குத் தூக்கிச் சென்றோம். அவசர சிகிச்சைப் பிரிவில் நாக்கில் கரையும் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலை ஊட்டச் சொல்லி, விடியற்காலையில் அனுப்பிவிட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனாலும் மனம் ஆறவில்லை. இரண்டு மாதக் கைக்குழந்தைக்கும் இது வருமா?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உங்கள் மகளுக்குக் கிடைத்தது குறைவான சிகிச்சை அன்று, சரியான சிகிச்சை. அந்த மாத்திரை பெரும்பாலும் ஒண்டான்செட்ரானாக இருக்கும்; 8 முதல் 15 கிலோ வரையுள்ள குழந்தைக்கு 2 மில்லிகிராம், ஒரே வேளை. குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வாந்தித் தூண்டலை அது தடுக்கிறது. ஆனால் உடலுக்கு நீரைத் திருப்பித் தருவது மாத்திரை அன்று, நீங்கள் ஊட்டிய கரைசல்தான். அது வயிற்றில் தங்குவதற்கு வழி செய்வதே மாத்திரையின் வேலை.

தாகத்தில் தவிக்கும் குழந்தைக்கு ஒரு டம்ளரை அப்படியே கொடுத்துவிட்டு, அது வெளியே வந்ததும் 'தண்ணீர்கூடத் தங்கவில்லை' என்று கலங்குகிறோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி வீதம் ஊட்டினால், ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும். மீண்டும் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒரு கரண்டியிலிருந்து தொடங்க வேண்டும். தூக்கம் கெட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் செய்யும் இந்த வேலையும் சிகிச்சைதான். குழந்தை துவண்டு மயங்கினாலோ, கைகால் சில்லிட்டாலோ, இப்படி ஊட்டியும் எதுவுமே தங்காவிட்டாலோதான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

வாந்தி பச்சை நிறமாகவோ இரத்தம் கலந்தோ வந்தாலும், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலும், தலையில் அடிபட்ட பின் வாந்தி வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பச்சை வாந்தி குடல் அடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் தொக்கம் எடுக்கப் போனால் அறுவை சிகிச்சைக்கான பொழுது கைநழுவிவிடும். மாமியாரிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் வாந்தி மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். மெட்டோகுளோபிரமைடு போன்றவை சில குழந்தைகளுக்குக் கழுத்தைத் திருக வைத்துக் கண்ணை மேலே செருகச் செய்யும். பேதிக்காகத் துத்தநாக மாத்திரை எழுதித் தந்திருந்தால், பேதி நின்ற பிறகும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

கைக்குழந்தைக்கும் தொற்றக்கூடும், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், ஊட்டுமுன் சோப்பால் கை கழுவுங்கள். இத்தகைய வாந்தி பேதிக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. நம் நாட்டில் உருவான ரோட்டாவாக் மருந்தைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் வேலூரும் ஒன்று. 6, 10, 14 வாரங்களில் சொட்டாகத் தருவார்கள். முதல் தவணை கொடுத்தாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.