நீட் மறுபடியும் எழுதணுமா, போதுமா? டீச்சரிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்நாட்டில் 2017-இல் நீட் வந்த பிறகு, மதிப்பெண் வந்ததும் பிள்ளைகளும் பெற்றோரும் விண்ணப்பம் நிரப்ப வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: சீட் கிடைக்கவில்லை, மறுபடி எழுதலாமா? ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மார்த்தாண்டம்): டீச்சர், 2024-இல் 480 எடுத்தேன். ஒரு வருஷம் வீட்டில் இருந்து படித்து 2025-இல் எழுதினால் 430தான். படிக்கப் படிக்கக் குறைகிறது என்று அப்பா சொல்கிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: மக்களே, அப்பாவிடம் இரண்டு வருஷ மதிப்பெண் அட்டையையும் கொடுத்து, மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரேங்க்கை மட்டும் பார்க்கச் சொல். 2024 ஒரு விசித்திரமான வருஷம். வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண், உச்ச நீதிமன்ற வழக்கு எல்லாம் ஓய்ந்து இறுதிப் பட்டியல் வந்தபோதும் 720-க்கு 720 எடுத்தவர்கள் 17 பேர் இருந்தார்கள். அடுத்த வருஷம் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் எடுத்தது 686. இயற்பியல் கடுமையாக இருந்தது. விருப்பக் கேள்விகளும் எடுக்கப்பட்டுவிட்டன. முன்பு 200 கேள்வியில் 180-ஐத் தேர்ந்தெடுக்கலாம், 200 நிமிடம் உண்டு. 2025-இல் 180 கேள்வி, 180 நிமிடம், எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும் என்றாகிவிட்டது. போன வருஷ விலையைச் சொல்லி இந்த வருஷம் வடசேரிச் சந்தையில் தேங்காய் விற்க முடியுமா? 2025-இன் 430, 2024-இன் 480-ஐ விட நல்ல ரேங்க்காகவே இருக்கும். அப்படியானால் நீ முன்னேறியிருக்கிறாய்.

முன்னேறியது போதுமா என்பது வேறு கேள்வி. உன் பிரிவில் அரசுக் கல்லூரியில் கடைசியாகச் சீட் வாங்கியவரின் ரேங்க் என்ன என்று மருத்துவச் சீட் ஒதுக்கும் மாநிலத் தேர்வுக் குழு வெளியிட்ட பட்டியலில் பார். உனக்கும் அவருக்கும் இடையே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு முடிவு எடு. அதைப் பார்க்காமல் எழுதுவதும் தவறு, நிறுத்துவதும் தவறு.

கேள்வி (கருங்கல், ஒரு அம்மா): மகள் மூன்று தடவை எழுதிவிட்டாள். சர்ச்சுக்குக்கூட வரமாட்டேன் என்கிறாள், எல்லாரும் கேட்பார்களாம். அவளுக்க அப்பா துபாயில். இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று கெஞ்சுகிறாள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாமா வேண்டாமா என்பதைக் கெஞ்சலை வைத்து முடிவு செய்யாதீர்கள் அம்மா. ஒரு நாள் மத்தியானம் அவளை உட்காரவைத்து ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். நீட் நடத்தும் என்டிஏவின் தளத்தில் அவளுடைய ஓஎம்ஆர் தாளின் (வட்டம் கறுப்பாக்கும் விடைத்தாள்) நகலும் விடைக்குறிப்பும் வெளியாகும்போதே இறக்கி வைத்திருப்பாள். வினாத்தாள் கையில் இருக்கும். பென்சிலை எடுத்து, தவறிப்போன ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு எழுத்து போடட்டும். பாடமே தெரியாமல் போனதற்கு 'தெ'. தெரிந்தும் கணக்கில் சறுக்கியதற்கோ, 'தவறான கூற்று எது' என்பதைச் 'சரியான கூற்று' என்று வாசித்ததற்கோ 'ச'. நேரம் போதாமல் விட்டதற்கு 'நே'. யோசித்துப் பார்த்தும் தெரியாமல் குருட்டாம்போக்கில் கறுப்பாக்கியதற்கு 'கு'.

போன வருஷம் என் வீட்டுத் திண்ணையில் ஒரு பையன் இதைச் செய்தான். இயற்பியல் பக்கம் முழுக்க 'தெ' வரும் என்று நானும் நினைத்தேன், அவனும் நினைத்தான். வந்தது 'கு'. சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழிவு 1, விட்டதற்குப் பூஜ்யம். அவன் விட்டிருந்தாலே கணிசமாக ஏறியிருப்பான். உயிரியலிலோ நிறைய 'ச'. அங்கே 90 கேள்வி, 360 மதிப்பெண், அதாவது மொத்தத்தில் பாதி. தெரிந்த கேள்வியில் ஒரு சறுக்கல் என்றால் கிடைக்க வேண்டிய 4-ம் போய், கையில் இருப்பதில் 1-ம் போகும். இருபது சறுக்கல் என்றால் 100 மதிப்பெண். அவனுக்கு இன்னொரு வருஷம் எழுதச் சொன்னேன்.

உங்கள் மகள் தாளில் 'ச'வும் 'கு'வும் 'நே'வும் அதிகம் என்றால் ஒரு வருஷத்தில் திருத்தலாம். மூன்று முறை எழுதியும் 'தெ' தான் நிறைய, அதுவும் அதே பாடங்களில் என்றால், அதே அறையில் அதே புத்தகத்தோடு நாலாவது வருஷம் உட்காருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. போன வருஷத்துக்கும் வரப்போகிற வருஷத்துக்கும் என்ன மாற்றம் என்று அவள் வாயால் சொல்லட்டும். 'இன்னும் நல்லா படிப்பேன்' என்பது மாற்றம் இல்லை. 'இயற்பியலுக்குத் தனியாக ஒரு சாரிடம் போவேன், ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் ஓஎம்ஆர் தாளிலேயே மாக் டெஸ்ட் எழுதுவேன்' என்றால் அது மாற்றம்.

அப்புறம் ஒன்று. சர்ச்சுக்கு வராதது, சாப்பாட்டை அறைக்குள் எடுத்துக்கொண்டு போவது, தூக்கம் தலைகீழாவது இதெல்லாம் படிப்பின் அடையாளம் இல்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். முதலில் அதைப் பாருங்கள், நீட் அடுத்தது. அவள் சாவைப் பற்றி ஏதாவது பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். 104-க்கு அழைத்தால் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கேள்வி (தோவாளை): அரசுப் பள்ளியில் படித்தேன். முதல் தடவை சீட் கிடைக்கவில்லை. மறுபடி எழுதினால் 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடுமா?

பதில்: போகாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாயா என்பதுதான் கணக்கு, எத்தனையாவது முறை எழுதுகிறாய் என்பது இல்லை. 2020-இல் வந்த இந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது, தனியார் கல்லூரியானாலும். உனக்கு என் பதில் தெளிவு: கட்டாயம் இன்னொரு முறை எழுது. பள்ளியில் படிக்கும்போதே ஒப்புக்கு எழுதிய முதல் முயற்சியை நான் முயற்சியாகவே எண்ணுவதில்லை.

நம் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். அங்கே படித்த பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. அதே வள்ளத்தில் போகிற அப்பா, அதே அரிசி அட்டை, ஆனால் பள்ளியின் பெயர்ப்பலகை வேறு. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் விதி அப்படித்தான்.

கேள்வி (களியக்காவிளை): வீடு இந்தப் பக்கம், பத்தாம் வகுப்பு வரை படித்தது கேரளத்துப் பாறசாலையில். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் என்னைச் சேர்ப்பார்களா? இரண்டு மாநிலத்திலும் போடலாமா?

பதில்: சேர்ப்பார்கள், ஆனால் காகிதம் வேண்டும். 6 முதல் 12 வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு வேலை சுலபம். நடுவில் வெளி மாநிலத்தில் படித்தவர்கள் இருப்பிடச் சான்றிதழ் வைக்க வேண்டும், பெற்றோரின் சான்றுகளும் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் வழியாக வரும். விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு ஓடாதே, இப்போதே வாங்கி வை. இரண்டு மாநிலத்துக்காரன் என்று ஒரே நேரத்தில் உரிமை கோராதே. பிடிபட்டால் இரண்டும் போகும். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, அதற்கு மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்சிசியின் தளத்தில் தனியாகப் பதிவு செய்.

கேள்வி (தக்கலை): ஆசாரிப்பள்ளம் கிடைத்தால் மட்டும் சேருவேன், இல்லையென்றால் மறுபடி எழுதுவேன் என்கிறான் மகன்.

பதில்: 2001-இல் தொடங்கிய கல்லூரி, 150 இடம், அதிலும் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். ராமநாதபுரமோ நாகப்பட்டினமோ கிடைத்தாலும் பஸ் ஏற்றி விடுங்கள். பட்டம் ஒன்றுதான்.

கேள்வி (புதுக்கடை): சித்த மருத்துவம் முன்சிறையில் கிடைக்கும் போல இருக்கிறது. சேர்ந்துவிட்டு, அடுத்த வருஷம் எம்பிபிஎஸ்ஸுக்கு எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது என்று நீட் விதி எதுவும் இல்லை. ஆனால் சீட்டைப் பிடித்துவைக்கும் இடமாக நினைத்துச் சேராதே. அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கும், நடுவில் விட்டால் கட்ட வேண்டிய தொகை பற்றி ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படி. அப்பாவையும் படிக்கச் சொல்.

என் அபிப்பிராயம் கேட்டால்: சித்த மருத்துவப் பட்டமான பிஎஸ்எம்எஸ்ஸும் பயிற்சிக் காலம் சேர்த்து ஐந்தரை வருஷப் படிப்புதான், எம்பிபிஎஸ் போலவே. முதல் வருஷம் உடற்கூறியல், உடலியங்கியல் என்று சுமை உண்டு. அதோடு நீட்டுக்கும் படித்து இரண்டிலும் தேறியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. வர்ம வைத்தியத்துக்குப் பெயர்போன மண் இது. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. அந்த மருத்துவத்தின் மேல் உனக்கு மனசு இருந்தால் சேர்ந்து நீட்டை மற. மனசு இல்லையென்றால் அந்த இடத்தை விரும்புகிற இன்னொரு பிள்ளைக்கு விட்டுவிடு.

கேள்வி (குலசேகரம், ஒரு அப்பா): மகளுக்கு நீட் தகுதி மதிப்பெண் இருக்கிறது, ரேங்க் இல்லை. எண்பது சென்ட் ரப்பர் தோட்டம் இருக்கிறது. அதை விற்றுத் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதா, வெளிநாட்டுக்கு அனுப்புவதா, இன்னொரு வருஷம் எழுதவைப்பதா?

பதில்: நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கட்டணக் குழு விதித்த தொகையே வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். விடுதி, சாப்பாடு, இதரக் கட்டணம் தனி. தோட்டம் முதல் இரண்டு வருஷத்துக்கு வந்தால் அதிகம். மிச்சத்துக்குக் கடன் என்றால், 7.5 லட்சத்துக்கு மேல் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். விற்ற தோட்டத்தை எங்கே போய்ப் பிணை வைப்பீர்கள்?

வெளிநாடு பற்றி ஏஜென்ட் சொல்லாததைச் சொல்கிறேன். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் இருக்க வேண்டும், 12 மாதப் பயிற்சியை அதே நிறுவனத்தில் முடிக்க வேண்டும், அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறத் தகுதி தரும் படிப்பாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு கிடைக்காது. இவ்வளவும் முடித்துத் திரும்பியபின், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். தேறாதவர்கள்தான் பெரும்பான்மை. அதன் பிறகு இங்கும் ஒரு வருஷப் பயிற்சி. 2022-இல் உக்ரைனிலிருந்து படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு, யாரையாவது பார்த்துப் பேசுங்கள். ஏஜென்ட் காட்டும் கல்லூரி பற்றி மேலே சொன்ன நாலையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகள் எழுதியது ஒரு முறைதான் என்றால், மூன்றில் மலிவானது இன்னொரு வருஷம். தோட்டம் அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி (நாகர்கோவில்): எனக்கு 24 வயது. பிஎஸ்சி நர்சிங் முடித்துத் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன். வயது வரம்பு இல்லை என்கிறார்களே, வேலையை விட்டுவிட்டு எழுதட்டுமா?

பதில்: மேல் வயது வரம்பை 2022-இல் எடுத்துவிட்டார்கள், உண்மை. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், அதுவும் உண்மை. ஆனால் 25-இல் சேர்ந்தால் 30 தாண்டி வெளியே வருவாய், மேல்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருஷம். அது தெரிந்தும் ஆசை இருந்தால் எழுது மக்களே, வேலையை விடாமல். நைட் டியூட்டிக்கு நடுவே உயிரியலை ஒழுங்காக முடிக்க முடிகிறதா என்று நாலு மாதம் பார். முடிந்தால் மேலே யோசிக்கலாம். சம்பளம், அனுபவச் சான்று இரண்டையும் இழந்து வீட்டுக்குத் திரும்பி, முதல் பாடத்திலிருந்து தொடங்குவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி (திங்கள்சந்தை): கோட்டயம் பக்கம் விடுதியோடு கோச்சிங் போகலாமா, வீட்டிலேயே படிக்கலாமா?

பதில்: வீட்டில் போனைக் கீழே வைக்க முடிகிறவர்களுக்கு வீடு போதும். முடியாதவர்கள் போகலாம். சேரும் முன், இடையில் விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்.

கேள்வி (குளச்சல்): இன்னொரு முறை எழுதுவதாக முடிவு செய்துவிட்டேன். அதுவும் கைவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்தால் கவனம் சிதறும் என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: நண்பர்கள் உனக்கு விண்ணப்பம் போட வரமாட்டார்கள். கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ராமையன்பட்டியில் கல்லூரி இருக்கிறது, திருநெல்வேலி வரை போனால் போதும். பிஎஸ்சி நர்சிங்குக்கும் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, யோகா - இயற்கை மருத்துவத்துக்கும் இதுவரை அப்படித்தான். விதிகள் வருஷா வருஷம் மாறுவதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் படி. இவற்றில் சிலவற்றின் விண்ணப்பம் நீட் முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடும், முடிவைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்றிருந்தால் கடைசித் தேதி போய்விடும். எந்தப் பல்கலைக்கழகம், எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடு. தேதி பார்ப்பது அவர் வேலை, படிப்பது உன் வேலை. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள். வருமானச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் பார்த்துக்கொள்.