டீச்சர், உங்கள் எஸ்ஐபி இருக்கட்டும், அந்தச் சந்தனமரம்தான் எனக்குப் பயம்

செங்கோட்டையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: "பத்து வருடமாக வள்ளலார் வழி, வீட்டில் புலால் கிடையாது. கணவர் வருடாவருடம் மாலை போடுகிறவர். நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கை மொத்தமாக வாங்கும் ஃபண்டு) மாதாமாதம் 4,000 ரூபாய் கட்டுகிற எஸ்ஐபி ஆறு வருடமாகப் போகிறது. போன மாதம் மகன் அந்த ஃபண்டில் என்னென்ன கம்பெனி இருக்கிறது என்று போனில் காட்டினான். சிகரெட், நிலக்கரி, சிமெண்ட் எல்லாம் இருக்கிறது. புளியரை வழியாகக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற லாரிகளைப் பார்த்து வயிறெரிகிற எனக்கு இது தாங்கவில்லை. மொத்தத்தையும் எடுத்துவிடலாமா? சன்மார்க்க சங்கத்துக்கு வரும் ஒரு அண்ணாச்சி, அச்சன்கோவில் பக்கம் சந்தனமரமும் மூலிகையும் வளர்க்கும் பண்ணையில் 5 லட்சம் போட்டால் பாவமும் இல்லை, வருமானமும் உண்டு என்கிறார். மாடியில் ஒரு ரூம் கட்ட வைத்திருக்கும் பணத்தில் பாதியை அதில் போடலாமா?"

எடுக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். அவசரமென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் டீச்சர். நேரம் இருந்தால் மேலே படியுங்கள்.

முதலில் அந்த சிகரெட். உங்கள் ஃபண்டில் இருப்பது ஐடிசி. நூறு ரூபாய் போட்டால் அதில் நாலு ரூபாய்க்குள்தான் அந்தக் கம்பெனிக்கு. சரி, நாலு ரூபாயும் பாவம்தானே என்பீர்கள். உங்கள் பூஜை அறையில் மங்கள்தீப் ஊதுபத்தி இருக்கிறதா? பிள்ளைகள் கிளாஸ்மேட் நோட்டில் எழுதுகிறார்களா? சப்பாத்திக்கு ஆசீர்வாத் மாவா? எல்லாம் அதே கம்பெனி. எல்ஐசி பாலிசி இல்லாத ஆசிரியர் வீடு நம் பக்கம் கிடையாது, ஐடிசியின் பெரிய பங்குதாரர்களில் எல்ஐசியும் ஒன்று. தனியார் வேலையில் இருப்பவர்களின் பிஎஃப் பணத்திலும் ஒரு பகுதி 2015-இலிருந்து நிஃப்டி, சென்செக்ஸை அப்படியே பின்பற்றும் ஈடிஎஃப் ஃபண்டுகளுக்குப் போகிறது. எஸ்ஐபியை நிறுத்திவிட்டு பேங்கில் எஃப்டி போட்டால் கை சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். புளியரையில் நீங்கள் பார்க்கிற லாரி எப்படி வந்தது? ஏதோ ஒரு பேங்கோ ஃபைனான்ஸோ கடன் கொடுத்துத்தான். அது யாரோ போட்ட டெபாசிட்.

இன்னொன்று, இதைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. இன்டெக்ஸ் ஃபண்டு சந்தையில் ஏற்கெனவே இருக்கிற பங்கைத்தான் வேறொருவரிடமிருந்து வாங்குகிறது. நீங்கள் கட்டும் 4,000 ரூபாய் சிகரெட் ஆலைக்கோ குவாரிக்கோ நேராகப் போய்ச் சேருவதில்லை. நீங்கள் விற்றால் இன்னொருவர் வாங்குவார், கம்பெனிக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் கடைக்குப் போய் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கினால் அது கம்பெனிக்குத் தெரியும்.

இப்போது உங்கள் மாடி ரூமுக்கு வருகிறேன். அதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நானூறு சதுர அடி என்று வையுங்கள். கொத்தனாரைக் கேளுங்கள், நூற்றைம்பது மூட்டைக்கு மேல் சிமெண்ட், ஏழெட்டு யூனிட் மணல் என்பார். இன்றைக்கு மணல் என்றால் எம்-சாண்ட், அதாவது மலையை உடைத்து அரைத்தது. சிமெண்டுக்கே அரை லட்சம் ரூபாய் ஆகிவிடும். உங்கள் எஸ்ஐபியில் வருடம் முழுக்கக் கட்டுகிற 48,000-இல் அல்ட்ராடெக் சிமெண்டுக்குப் போவது ஆயிரம் ரூபாய் கூட வராது. தாழையூத்து சங்கர் நகர் ஆலை இருக்கிறதே, 1949-இலிருந்து ஓடுகிற இந்தியா சிமெண்ட்ஸ், அது 2024 டிசம்பரிலிருந்து அல்ட்ராடெக் கையில்தான். நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை ஃபண்டு வழியாக ஆயிரம் ரூபாய்க்குத் தொட்டதற்கு அழுதுவிட்டு, வீட்டு மாடியில் அரை லட்சத்துக்கு ஏற்றுகிறோம்.

ரூம் கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. மகன் கல்யாணத்துக்காகவா, வாடகைக்கா, சும்மா ஒரு கெத்துக்கா என்று உங்களுக்குத்தான் தெரியும். தேவை இல்லையென்றால் அதைத் தள்ளிப்போடுவதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில். தேவை என்றால் கட்டுங்கள், லாரிக்காரனை மட்டும் திட்டாதீர்கள். நம் மலை அங்கே போகிறது, அவர்கள் கழிவு இங்கே வருகிறது என்கிற கோபம் எனக்கும் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான் லாரி லாரியாகத் திரும்ப எடுத்துப் போனார்கள். ஒரு தீர்ப்பாயம் வந்து சொல்ல வேண்டியிருந்தது. செக்போஸ்ட் எதற்கு இருக்கிறது?

பச்சை ஃபண்டு, இஎஸ்ஜி ஃபண்டு (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பார்த்து கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது) என்று தனியாக விற்கிறார்களே, அது தேவலையா என்று அடுத்து கேட்பீர்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 ஜூலையில் இவற்றை ஆறு வகையாகப் பிரித்தது. ஆறும் உங்களுக்கு வேண்டாம். 'இன்ன தொழிலில் போடமாட்டோம்' என்று விலக்கிவைக்கிற வகை ஒன்றுதான் உங்கள் மனசுக்கு ஓரளவு பொருந்தும். மற்றவற்றில் 'அதே துறையில் இருப்பவர்களில் நல்லவர்' என்ற கணக்கில் நீங்கள் எதிர்பார்க்காத கம்பெனியும் இருக்கலாம். புலால் விலக்கிய ஃபண்டு என்று நினைத்து எதையும் வாங்காதீர்கள், அது வேறு கணக்கு. வாங்கினால் ஏஜென்ட் இல்லாத நேரடித் திட்டத்தில் வாங்குங்கள். இன்டெக்ஸ் ஃபண்டின் நேரடித் திட்டத்தில் லட்ச ரூபாய்க்கு வருடம் இருநூறு முந்நூறு ரூபாய் செலவு பிடிப்பார்கள், ஏஜென்ட் வழியாக இஎஸ்ஜி ஃபண்டு என்றால் அது இரண்டாயிரம் பக்கம் போகும். உங்கள் மனசாட்சிக்கு அவர்கள் வாங்குகிற கமிஷன் அது.

பேங்கில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன் 'மேடம், இது பசுமைத் திட்டம்' என்று இன்ஷூரன்ஸ் கலந்த ஒன்றை நீட்டுவான், ஐந்து வருடம் எடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஃபண்டில் என்ன இருக்கிறது என்று மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், அதைத் தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? உங்கள் மகன் காட்டியதால்தான் ஆறு வருடம் கழித்துத் தெரிந்தது.

எஸ்ஐபி உறுத்துகிறது என்றால் பழையதைத் தொடாமல் இனிமேல் போடுவதை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் விற்பதுதான். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளில் வருடத்தில் லாபம் 1.25 லட்சம் தாண்டினால் தாண்டியதற்கு 12.5 சதவீதம் வரி.

அப்புறம் அந்த அண்ணாச்சி.

போன வருடம் தென்காசியில் என்னிடம் ஒருவர் இதே மாதிரி ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தார். வழவழ காகிதத்தில் நோட்டீஸ். மேலே பொதிகை மலை, நடுவில் அகத்தியர், கீழே ஒரு நாட்டுமாடு, ஓரத்தில் க்யூஆர் கோடு. உள்ளே நூறு ரூபாய் முத்திரைத்தாளில் 'பங்குதாரர் ஒப்பந்தம்', நோட்டரி முத்திரை. வருடம் 18 சதவீதம் உறுதி, பன்னிரண்டாம் வருடம் மரத்தைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளும். நிலத்தின் சர்வே நம்பர் எங்கே என்று தேடினேன். இல்லை. 'மரம் எண் 412 முதல் 431 வரை' என்று மட்டும் இருந்தது. மரத்துக்கு நம்பர் இருக்கிறது, மண்ணுக்கு இல்லை! அவர் போட்டது மூன்று லட்சம். போய் மரத்தைப் பார்த்தீர்களா என்றேன், ஆன்மீகமாக நடத்துகிறார்கள், சந்தேகப்படுவது தப்பில்லையா என்றார்.

இதுதான் எனக்கு ஆத்திரம் வருகிற இடம். சும்மா சீட்டு நடத்துகிறவனிடம் நாம் நாலு கேள்வி கேட்போம். சாமி படம் போட்டுவிட்டால் வாயை மூடிக்கொள்கிறோம். 1990-களில் தேக்குமரத் திட்டங்கள் தமிழ்நாடு முழுக்க ஓடி 1998 வாக்கில் படுத்தன, அதற்கப்புறம்தான் செபி 1999-இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதியே கொண்டுவந்தது. 2012-இல் பெருந்துறை ஈமு கோழித் திட்டம் படுத்தது. கோழியும் மரமும் வேறு வேறு, ஒப்பந்தத்தின் எழுத்து ஒன்றேதான். பலரிடம் பணம் திரட்டி ஒருவர் நிர்வகித்து லாபம் தருகிறேன் என்றால் அதற்கு செபியில் பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019-இல் வந்த சட்டம் தடை செய்கிறது. அண்ணாச்சியிடம் பதிவு எண் கேளுங்கள். 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்றால் இல்லை என்று அர்த்தம். ஜிஎஸ்டி நம்பரைக் காட்டினாலும் இல்லை என்றுதான் அர்த்தம், டீக்கடைக்கும் ஜிஎஸ்டி இருக்கலாம்.

அச்சன்கோவில் நிலம் கேரளாவில் என்பது இன்னும் மோசம். பணம் இங்கே கொடுத்தது, நிலம் அங்கே. தென்காசியில் என்னிடம் பத்திரம் காட்டியவர் புகார் கொடுக்கப் போனபோது இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் நிலம் எங்கே இருக்கிறதோ அங்கே போ என்றார்கள், அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் பணம் எங்கே கொடுத்தாயோ அங்கே போ என்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆரியங்காவு பஸ்ஸில் அவர் நாலு தடவை போய்வந்தார்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'எல்லாமே மோசடியா, நானே நிலம் வாங்கி மரம் வைத்தால்?' என்று நிச்சயம் கேட்பீர்கள். உங்கள் பெயரில் நிலம், உங்கள் கையால் மரம் என்றால் அது வேறு விஷயம். தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் சந்தனம் வளர்க்கலாம், 2002-க்குப் பிறகு தடையில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் வெட்டி விற்க முடியாது, வனத்துறை வழியாகத்தான். வைரம் பாய்கிறவரை காவல் காக்க வேண்டும், கடைசியில் திருடன் ஒரே ராத்திரியில் அறுத்துக்கொண்டு போவான். அது வருமானத் திட்டமில்லை, பேரப்பிள்ளைக்கு வைக்கிற மரம், அந்த மனசோடு வைத்தால் நல்லது.

கேரளப் பக்கம் வாங்குவதானால் ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம் மட்டும் பார்த்தால் போதாது. வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு (நம் பட்டா மாற்றம் மாதிரி) முடிந்து உங்கள் பெயரில் தண்டப்பேர் (நம் பட்டா எண் மாதிரி) விழுந்திருக்க வேண்டும், கரம், அதாவது நிலவரி கட்டிய ரசீது வேண்டும், விற்கிறவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது, அரசு கொடுத்த பட்டயமா பரம்பரையா என்று பார்க்க வேண்டும். காட்டை ஒட்டிய நிலமா என்பது அதைவிட முக்கியம். கேரளாவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி சூழல் ரீதியாக பலவீனமான நிலம் என்று அறிவித்தால் அது அரசுக்குப் போய்விடும். அச்சன்கோவில் என்றால் சுற்றிலும் காடு. அப்புறம் தோட்டம் என்று நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்ற எஸ்டேட்டைத் துண்டு துண்டாக்கி விற்பார்கள், அதை அப்படி மாற்றக்கூடாது, பிரச்சினை வந்தால் துண்டு வாங்கியவர் தலையில்தான் விழும். இத்தனையும் சரியாக இருந்தால் வாங்குங்கள். புனலூரில் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, ஆனால் விற்கிறவர் கூட்டிக்கொண்டு வருகிற வக்கீலிடம் அல்ல.

மீதிப் பணத்துக்கு எது நல்லது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்பிஐயில் 2024 ஜனவரியிலிருந்து பசுமை டெபாசிட் இருக்கிறது, 1,111 நாள், 1,777 நாள், 2,222 நாள் என்று. வட்டி சாதாரண எஃப்டியைவிடக் கொஞ்சம் குறைவு, 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கவுன்டரில் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், விடாதீர்கள். மத்திய அரசின் பசுமைக் கடன்பத்திரம் 2023 ஜனவரியிலிருந்து வருகிறது, ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் கணக்கு வழியாக நேரே வாங்கலாம், நடுவில் அண்ணாச்சி தேவையில்லை. மாடியில் ரூமுக்குப் பதில் சோலார் போட்டால் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். ஆனால் இரண்டு மாதத்துக்கு இருநூறு யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீடு என்றால் முதல் நூறு யூனிட் எப்படியும் இலவசம், போட்ட காசு திரும்ப ரொம்ப நாளாகும். கரண்ட் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிகரெட் கம்பெனியின் டிவிடெண்ட் உறுத்துகிறது என்றால் வருடத்துக்கு ஒரு தடவை தோராயமாகக் கணக்குப் போட்டு அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வடலூர் தருமசாலை அடுப்பு 1867-இலிருந்து எரிகிறது. கொட்டிய அரிசி எந்த வியாபாரி வீட்டு மூட்டை என்று அங்கே யாரும் பிரித்துப் பார்த்து உலை வைப்பதில்லை.

அண்ணாச்சி திரும்ப வந்தால் சண்டை போட வேண்டாம், நாளைக்கும் சங்கத்தில் முகம் பார்க்க வேண்டும். அவரே அதில் பணம் போட்டு மாட்டியிருப்பவராகவும் இருக்கலாம், ஆள் சேர்த்தால்தான் அவர் பணம் திரும்பும் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு காபி கொடுத்துவிட்டு, 'அண்ணாச்சி, அந்த நிலத்தோட தண்டப்பேர் நம்பர் மட்டும் குடுங்க, வில்லேஜ் ஆபீஸில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று கேளுங்கள். நம்பர் வந்தால் எனக்கு அனுப்புங்கள்.