கடினமான கேம் பிடிக்கும்; காரணம் சொல்லாமல் தோற்கடிக்கும் கேம் பிடிக்காது

வீடியோ கேம்களில் எது மகிழ்ச்சி தருகிறது, எது எரிச்சலூட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேம் கடினமாக இருப்பதை நான் ஒருபோதும் குறையாக எண்ணியதில்லை. தோற்ற மறுகணமே எதனால் தோற்றேன் என்பது எனக்கு விளங்க வேண்டும்; விளங்கியதைச் சோதித்துப் பார்க்க நெடுநேரம் காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் ஒரே இடத்தில் எத்தனை முறை செத்து விழுந்தாலும் விடாமல் ஆடுவேன். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், கண்ணுக்கு எவ்வளவு அழகான கேமாக இருந்தாலும், அன்றிரவே கணினியிலிருந்து நீக்கிவிடுவேன்.

நான் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருப்பவன். வீட்டில் தமிழும் கடைவீதியில் தமிழும் மலையாளமும் புழங்கும் எல்லையோர ஊர். இங்கே சில ஆண்டுகள் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். ஆகவே நான் ஆடியதைவிடப் பிறர் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்ததே அதிகம். கீழே சொல்லும் கருத்துகளில் பாதி, மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய பையன்களின் முகத்தைப் பார்த்து உருவானவை.

அந்தச் சென்டரில் எல்லாக் கணினிகளிலும் இருந்த கேம், 2000ஆம் ஆண்டு வெளிவந்த துப்பாக்கிச் சண்டை கேமான ‘புராஜெக்ட் ஐ.ஜி.ஐ.’. இன்றும் அதை நல்ல கேம் என்றே சொல்வேன். எதிரியின் முகாமை வரைபடக் கணினியில் மேலிருந்து பார்க்கலாம். பைனாகுலரை வைத்துக் காவல் கோபுரங்களில் எவன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்று கவனிக்கலாம். கண்காணிப்புக் கேமராக்களை நிறுத்திவிட்டு உள்ளே நுழையலாம். எவனாவது அலாரத்தை அழுத்திவிட்டால் மேலும் ஆட்கள் துப்பாக்கியோடு ஓடிவருவார்கள். குண்டு பட்டுச் சாகும்போது, கோபுரத்துக்காரனைக் கவனிக்காமல் வெட்டவெளியில் ஓடியதுதான் காரணம் என்று ஆடுகிறவனுக்கே தெரிந்துவிடும். என் முதல் நிபந்தனையை இந்த கேம் முழுமையாக நிறைவேற்றுகிறது.

இரண்டாவதில்தான் சறுக்கியது. மிஷன் என்னும் ஒவ்வொரு கட்டத்தின் நடுவேயும், அதுவரை ஆடியதைப் பதிந்து வைக்க, அதாவது சேவ் செய்ய, அதில் வழியே கிடையாது. முகாம் முழுவதையும் கடந்து கடைசிக் கட்டடத்தின் வாசலில் விழுந்தாலும், மறுபடியும் வேலிக்கு வெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடைசி வாசலில் நேர்ந்த தவறைத் திருத்திக்கொள்ள விரும்புகிறவன், ஏற்கெனவே நன்றாகக் கற்றுத் தேர்ந்த முதல் இருபது நிமிடங்களைத் திரும்பவும் ஆட வேண்டியிருக்கிறது. அந்த இருபது நிமிடங்களில் அவன் புதிதாக எதையும் கற்பதில்லை. சலிப்பினால் கவனம் சிதறி, முன்பு எளிதாகக் கடந்த இடத்திலேயே செத்துப்போவான். எரிச்சல் பிறப்பது அங்கேதான்.

எங்கள் ஊரில் அந்த கேமுக்கு இன்னோர் எதிரியும் இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று கரும்பனைகளையே வளைத்துப் போடும். மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசி எந்த நேரத்திலும் மின்சாரம் போய்விடும். யூ.பி.எஸ். கூவத் தொடங்கியதும், அதுவரை பூனைபோல் ஊர்ந்துகொண்டிருந்த பையன்கள் எல்லோரும் பதுங்குவதை விட்டுவிட்டு மிஷனின் முடிவை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். பாட்டரி தீர்வதற்கு முன்பே குண்டடிபட்டு விழுவார்கள். 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரு மிஷனுக்குள் குறிப்பிட்ட சில முறை மட்டும் சேவ் செய்ய அனுமதித்தார்கள். எல்லையின்றிச் சேவ் செய்ய விடுவதைக் காட்டிலும் இந்த ஏற்பாடே எனக்குப் பிடித்தது. எப்போது சேவ் செய்வது என்பதும் ஆட்டத்தின் ஒரு முடிவாக மாறிவிடுகிறது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஸ்டார்டியூ வேலி’யையும் குறிப்பிட வேண்டும். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் தனியாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட பண்ணை விளையாட்டு அது. அதிலும் நினைத்த நேரத்தில் சேவ் செய்ய முடியாது. நம் பாத்திரம் இரவில் படுத்து உறங்கினால்தான் அன்றைய வேலைகள் பதிவாகும். ஆனால் அங்கே ஒரு முழு நாள் என்பது நமக்கு ஏறக்குறைய 14 நிமிடங்கள்தான். மின்சாரம் போனால் நான் இழக்கக்கூடியது அதிகபட்சம் அவ்வளவே. சேவ் செய்யும் உரிமையைத் தருவதா மறுப்பதா என்பதைவிட, மறுத்தால் எவ்வளவு பறிபோகும் என்பதை அளந்து வைத்தவர்களே நல்ல வடிவமைப்பாளர்கள் என்பது என் எண்ணம்.

இதனால்தான் 2011இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ ரசிகர்களோடு எனக்கு ஒரு சிறு சண்டை உண்டு. அதில் வரும் சண்டைகள் மிகவும் நேர்மையானவை. எதிரி வாளை ஓங்குவதற்கு முன் தோளைத் திருப்புவான். அந்த அறிகுறியைக் கவனித்தவன் தப்பிப்பான், கவனிக்காதவன் சாவான். செத்த இடத்தில் சேர்த்து வைத்த செல்வமெல்லாம் கிடக்கும். அதை மீட்பதற்கு முன் இன்னொரு முறை செத்தால் எல்லாம் போய்விடும் என்ற விதியும் எனக்கு ஏற்புடையதே, ஏனென்றால் அது திரும்பிப் போகும் ஒவ்வோர் அடியிலும் அச்சத்தை வைக்கிறது. நான் ஏற்காதது, ‘பாஸ்’ எனப்படும் பெரிய எதிரிகள் சிலரிடம் போய்ச் சேர்வதற்கே நெடுந்தூரம் ஓட வேண்டியிருப்பது. அந்த ஓட்டமும் சவாலின் பகுதி என்று ரசிகர்கள் வாதிடுவார்கள். ‘டார்க் சோல்ஸை’ உருவாக்கிய அதே நிறுவனம் 2022இல் ‘எல்டன் ரிங்’கை வெளியிட்டபோது, பல பாஸ்களின் வாசலுக்கு அருகிலேயே உயிர்த்தெழும் கம்பங்களை நட்டு வைத்தது. அதனால் பாஸ்கள் எளிதாகிவிட்டன என்று யாரும் சொல்லவில்லை.

மிகக் கடினமாக இருந்தும் என் இரண்டு நிபந்தனைகளையும் முழுமையாக நிறைவேற்றிய கேம் 2018இல் வந்த ‘செலஸ்ட்’. மலையேறும் ஒரு பெண்ணின் கதை. முள்ளில் பட்டுச் செத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்பாள். கேம் ஏறும்வரை காத்திருக்க வைக்கும் திரையும் கிடையாது, ‘மீண்டும் முயல்க’ என்ற பொத்தானும் கிடையாது. அதைவிட வியப்பானது, அந்த கேம் நமக்குச் சாதகமாகச் சொல்லும் பொய். விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்துக்கு வந்த பிறகும் 0.1 விநாடி வரை குதிக்க அனுமதிக்கிறது. கணக்குப்படி நாம் தாமதித்துவிட்டோம்; ஆனால் நம் கண்ணும் கையும் சரியாகத்தான் அழுத்தினோம் என்று நம்புகின்றன, கேம் அந்த நம்பிக்கையின் பக்கம் நிற்கிறது. என் அக்கா மகன் கைப்பேசியில் ஏதோ ஓர் இலவச ஓட்ட விளையாட்டை ஆடிக்கொண்டே, “மாமா, நான் கரெக்டாத்தான் அமுத்துனேன், இது ஏமாத்துது மாமா” என்று குமுறுவான். அவன் ஆடியதில் இந்தச் சலுகை இல்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். கேமை எழுதியவரின் கணக்கு சரியாக இருக்கலாம்; ஆடுகிறவனுக்கு அது ஏமாற்று வேலையாகவே தோன்றும். ‘செலஸ்ட்’டில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், சாகாமல் இருக்கும்படி அமைத்துக்கொள்ளவும்கூட வசதி உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர்களைக் கேலி செய்வோரை எனக்குப் பிடிப்பதில்லை. விரல் வலியோடு ஆடுகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

அதிர்ஷ்டத்தைப் பற்றியும் இதே கேள்வி எழும். அலெக்ஸி பஜித்னொவ் 1984இல் மாஸ்கோவில், மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் ‘டெட்ரிஸ்’ஸை உருவாக்கினார். அதன் பழைய வடிவங்கள் பலவற்றில் நீளக் கட்டை எப்போது வரும் என்பது முற்றிலும் தற்செயலே. வேண்டும்போது வராமலே போய் ஆட்டம் முடிந்துவிடும். இன்றைய வடிவங்களில் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை தீரும்வரை ஒவ்வொன்றாக எடுப்பதுபோல் அமைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே 12 கட்டைகளுக்கு மேல் வராது. அதிர்ஷ்டம் ஒழிந்துவிடவில்லை, ஆனால் தோற்றால் பழியை அதன்மேல் போட முடியாது. ‘ஃபயர் எம்ப்ளம்’ என்ற போர் உத்தி கேம் வரிசையில் 2002 முதல் இன்னும் தந்திரமான ஒன்றைச் செய்தார்கள். இரண்டு தற்செயல் எண்களை எடுத்து அவற்றின் சராசரியை வைத்துத்தான் அடி விழுமா என்று முடிவு செய்வார்கள். அதனால் திரையில் 90 சதவீதம் என்று காட்டும் அடி, உண்மையில் ஏறக்குறைய 98 சதவீதம் விழும். 90 சதவீதம் என்றால் பத்தில் ஒன்று தவறும் என்று அறிவுக்குத் தெரிந்தாலும் மனம் அதை ஏற்பதில்லை என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கார்ப் பந்தயங்களில் பின்தங்கிய கார்கள் எல்லாம் திடீரென்று வேகம் கூடி நம்மை ஒட்டி வரும்படி செய்யும் ஏற்பாடும் பொய்தான். ஆனால் அது நான் நன்றாக ஓட்டியதைச் செல்லாக்காசாக்கும் பொய், அதனால் அதை மன்னிக்க முடிவதில்லை.

கற்றுக்கொடுத்தது ஒன்று, சோதிப்பது வேறொன்று என்ற குறை இருக்கிறதே, அதற்கு ‘ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி’யைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2002இல் வந்த அந்த கேமில், கார் ஓட்டியும் துப்பாக்கி பிடித்தும் பழகியவனிடம் திடீரென்று ஒரு பொம்மை ஹெலிகாப்டரைக் கொடுத்து, கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்துக்குள் நேரக் கெடுவுக்குள் நான்கு வெடிகுண்டுகளை வைக்கச் சொல்வார்கள். கீபோர்டில் அதை ஓட்டுவது தண்டனை. என் சென்டரில் அந்த ஒரு மிஷனை முடித்துத் தருவதற்காகவே கைதேர்ந்த ஒரு பையனைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பார்கள். அவனுடைய ஒரு மணி நேரக் கட்டணத்தையும் அவர்களே கொடுப்பார்கள். வருமானம் எனக்குத்தான் என்றாலும், ஆடுகிறவனே எழுந்து நாற்காலியை இன்னொருவனுக்குக் கொடுக்க நேரும் மிஷனை யாரும் நல்ல மிஷன் என்று சொல்ல மாட்டார்கள்.

பணம் பறிப்பதற்காகவே எரிச்சலைத் தயாரிக்கும் கேம்கள் தனி வகை. 2012இல் வந்த ‘கேண்டி கிரஷ்’ ஐந்து உயிர் தரும். தீர்ந்தால் ஓர் உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். ‘கென்ஷின் இம்பாக்ட்’டில் அரிய பாத்திரம் ஒரு குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம்; 90ஆவது குலுக்கலுக்குள் உயர்தரப் பரிசு ஒன்று உறுதி என்று ஓர் ஆறுதலும் வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் திறக்கும் இத்தகைய பரிசுப் பெட்டிகள் சிலவற்றைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. கேரள அரசு லாட்டரிச் சீட்டு தெருவுக்குத் தெரு விற்கும் ஊரில் இருந்துகொண்டு நான் இதைப் பழிப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் லாட்டரிச் சீட்டு விற்பவர் தன் சீட்டை விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு எட்டு வயதுப் பிள்ளையிடம் வருவதில்லை.

இணையவழி ஆட்டங்களைப் பற்றி நான் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லையோரத்தில் அலைவரிசை ஒழுங்காக நிற்பதில்லை. கோபாலபுரம் பக்கம் நடந்தால் கைப்பேசி இந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிப்பதா அந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிப்பதா என்று தடுமாறும். விநாடிக்கு 60 படங்கள் ஓடும் ஆட்டத்தில் 150 மில்லிவிநாடி பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) என்பது ஒன்பது படங்களின் தாமதம். நான் சுவருக்குப் பின்னால் போய்விட்டேன் என்று என் திரை காட்டும்போது, எதிரி சுட்டுவிட்டதால், அவன் திரையில் நான் ஏற்கெனவே செத்திருப்பேன். காரணம் தெரியாத தோல்விகளில் இதைவிட மோசமானது கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும், என் நிபந்தனைக்கு அடங்காத ஓர் இன்பம் இருக்கிறது. டிவியில் செருகி ஆடிய கேசட் காலத்து ‘கான்ட்ரா’வில் அருவியில் மேலே ஏறும் கட்டம் உண்டு. இருவர் ஆடும்போது ஒருவர் வேகமாக ஏறிவிட்டால் திரையும் மேலே நகரும். கீழே நிற்பவர் எந்தக் குற்றமும் செய்யாமலே செத்துப்போவார். என் கணக்கின்படி இது அப்பட்டமான அநியாயம். ஆனால் “அண்ணா, நில்லுண்ணா, நான் கீழ இருக்கறேன்” என்று தம்பி கத்துவதும், அண்ணன் கேட்காததுபோல் இன்னும் இரண்டு பாறை தாவுவதும், அதன் பிறகு நடக்கும் தலையணைச் சண்டையும் எந்த நேர்மையான கேமிலும் கிடைத்ததில்லை. கொன்றவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அநியாயமும் விளையாட்டாகிவிடுகிறது போலும். அக்கா மகன் இப்போது பி.ஜி.எம்.ஐ. என்ற இணையவழித் துப்பாக்கிச் சண்டை கேமை ஆடும்போது காதில் மாட்டிய மைக்கில் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக நண்பர்களைத் திட்டுவதைக் கேட்கிறேன். அவனை விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிய நண்பனுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில்தான் அடி விழுகிறது.