48 மாதமா, 31 மாதமா? காப்புரிமை முகவர் தேர்வு: கேள்வி பதில்

கேள்வி (சென்னை): விண்ணப்பத்தை ஆய்வு செய்யும்படி காப்புரிமை அலுவலகத்திடம் தரும் ஆய்வுக் கோரிக்கைக்குக் கெடு 48 மாதம் என்று படித்தேன். இப்போது 31 என்கிறார்கள். தேர்வில் எதை எழுதுவது?

பதில்: வினாவில் உள்ள தாக்கல் நாளைப் பார்த்த பிறகே எழுத வேண்டும். 2024 மார்ச் 15 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், காப்புரிமை விதிகளின் விதி 24பி-யில் இருந்த 48 மாதத்தை 31 ஆகக் குறைத்தது. ஆனால் அந்நாளுக்கு முன் தாக்கலான விண்ணப்பங்களுக்குப் பழைய கெடுவே தொடர்கிறது. முன்னுரிமை (அதே கண்டுபிடிப்புக்கான முந்திய விண்ணப்பத்தின் நாள்) கோராத ஒரு விண்ணப்பம் மார்ச் 14 அன்று தாக்கலாகியிருந்தால் ஆய்வுக் கோரிக்கையான படிவம் 18-ஐ 2028 மார்ச் 14 வரை தரலாம். மறுநாள் தாக்கலாகியிருந்தால் 2026 அக்டோபர் 15-உடன் கெடு முடிந்துவிடும். ஒரு நாள் தாமதத்தில் பதினேழு மாதம் பறிபோகிறது. வினா தயாரிப்பவருக்கு இதைவிட வாகான இடம் ஏது? பழைய கையேடுகளை நம்பாதீர்கள். என்னிடமுள்ள பழைய பதிப்பில் 48-ஐப் பேனாவால் அடித்து, பக்கத்தில் நாளையும் குறித்து வைத்திருக்கிறேன்.

கேள்வி (கோவை): முன்னுரிமை நாள் 2024 ஜனவரி 10, இந்தியாவில் நேரடித் தாக்கல் டிசம்பர் 10. 48 தானே?

பதில்: இல்லை. எந்தக் கெடு என்பதை இந்தியத் தாக்கல் நாள் முடிவு செய்கிறது. எண்ணத் தொடங்குவதோ இரண்டில் முந்திய நாளிலிருந்து. ஆகவே 2026 ஆகஸ்ட் 10.

கேள்வி: படிவம் 3, படிவம் 27 எப்போது தர வேண்டும்?

பதில்: முதல் ஆட்சேப அறிக்கை வெளியான மூன்று மாதத்துக்குள் புதுப்பித்த படிவம் 3 (வெளிநாட்டு விண்ணப்பங்களின் விவரம்), மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை படிவம் 27 (காப்புரிமை பயன்பாட்டு அறிக்கை).

கேள்வி: நான் வரலாறும் சட்டமும் படித்தவன். தேர்வு எழுதலாமா?

பதில்: முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 126 அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கேட்கிறது.

கேள்வி: ஐயா, 48-ஆ 31-ஆ?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பழைய கையேட்டை மூடிவிட்டுப் படியுங்கள்.

கேள்வி (மதுரை): உங்கள் கோவைப் பதிலை ஏற்க முடியவில்லை. 2024 பிப்ரவரியில் தாக்கலான பன்னாட்டு விண்ணப்பம் 2025-இல் இந்தியாவுக்குள் வந்தால், பிரிவு 138-இன்படி பன்னாட்டுத் தாக்கல் நாளே இந்தியத் தாக்கல் நாள். அப்படியானால் 48 தானே?

பதில்: கோவைக்காரர் கேட்டது நேரடித் தாக்கலைப் பற்றி, உங்களுடையது வேறு வழக்கு. உங்கள் வாதத்துக்குச் சட்டத்தில் பிடிமானம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். விரிவான விடை கேட்டால் 48, 31 என்ற இரு வாசிப்பையும் பிரிவு எண்ணோடு எழுதுங்கள். தொழிலில் அந்தத் துணிச்சல் வேண்டாம். தேசியக் கட்டத்தில், அதாவது பன்னாட்டு விண்ணப்பத்தை இந்தியாவில் தொடரும் கட்டத்தில், நுழையவே கெடு 31 மாதம்தான். அன்றே படிவம் 18-ஐயும் சேர்த்துக் கொடுப்பதில் என்ன நட்டம்? கோரிக்கை தவறினால், பிரிவு 11பி-யின்படி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும்.

கேள்வி: சரியாக மார்ச் 15 அன்றே தாக்கலாகியிருந்தால்?

பதில்: "முன்" என்ற சொல்லை மறுபடி பாருங்கள். அக்டோபர் 15 என்று கணக்கிட்டே காட்டியிருக்கிறேன்.