முட்டைப் பெட்டியைத் திறந்து பார்ப்பது எதற்கு?

தம்பி, ரொறன்ரோ வந்து நான்கு மாதம், செயலியில் சாப்பாடும் கடைச் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கூட ஓடுகிற சிலர் ஒருவரும் கேட்காத வேலையெல்லாம் செய்கிறார்கள், அதற்குக் காசு கூடுவதுமில்லை, நானும் அப்படிச் செய்ய வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. நான் ஸ்காபுறோவில் ஆறு வருடம் இதே வேலையில் இருந்தவன்.

முதலில் எல்லோரும் ரிப்ஸுக்காக, அதாவது ஓடர் போட்டவர் விரும்பித் தரும் மேலதிகக் காசுக்காகத்தான் செய்வார்கள். நானும் அப்படித்தான். ஆனால் பெரும்பாலான ஆட்கள் ஓடர் போடும்போதே ரிப்ஸைத் தீர்மானித்து விடுகிறார்கள். அது புரிந்ததும் அந்த ஆசை வடிந்து போகும். அடுத்து வருவது, செயலியில் எங்களுக்குப் போடும் நட்சத்திர மதிப்பெண் குறைந்து கணக்கை முடக்கி விடுவார்களோ என்ற பயம். பயத்தில் செய்கிறவர் சீக்கிரம் களைத்துப் போவார், கண்டிருக்கிறேன்.

பிறகும் செய்கிறவர்களுக்கு வேறு காரணம் இருக்கிறது. மார்க்கம் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் தனியாக இருந்த பெரியவர் ஒருவரின் ஓடர் எனக்கு அடிக்கடி வரும். பாண், வாழைப்பழம், ஒரு டசன் முட்டை, 2 லீற்றர் பால். ஒருநாள் அந்த அளவில் பால் இல்லை. பதிலுக்கு 4 லீற்றர் எடுக்கச் சொன்னது செயலி. இங்கே அது மூன்று பைகளாக வரும், பார்த்திருப்பீர்கள். எடுத்துக் கூடைக்குள் வைத்த பிறகு மனம் கேட்கவில்லை, கோல் எடுத்தேன். "கையில் வாதம், அந்தப் பையைத் தூக்கி ஊற்ற என்னால் ஏலாது" என்றார். 1 லீற்றர் பெட்டி இரண்டு வாங்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கூடப் போனது, அவ்வளவுதான். அடுத்த முறை கதவைத் திறந்ததும், "ஓ, நீங்களா!" என்றார். நாள் முழுக்க ஒருவரும் முகம் பார்க்காத வேலை தம்பி இது. அந்த ஒரு சொல் அன்று முழுக்க என்னோடு வந்தது. அதன் பிறகு யாருடைய ஓடராக இருந்தாலும் முட்டைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பார்க்காமல் எடுத்ததில்லை. கீறல் விட்ட முட்டை அடியில் ஒட்டிக்கொண்டு அசையாது.

சரி, இதைச் சொல்லி உங்களை இலவசமாக உழைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை பொய் முறைப்பாடு ஒன்றால் என் கணக்கை இரண்டு நாள் பூட்டி வைத்தார்கள். நான் செய்த நல்லது ஒன்றும் அங்கே எடுபடவில்லை. நிறுவனத்துக்காக மேலதிகமாக ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். செய்வதானால் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆளுக்காகச் செய்யுங்கள்.

உங்கள் உரிமையையும் தெரிந்து வைத்திருங்கள். ஒன்ராறியோவில் 2025 யூலை 1 முதல் செயலியில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஓடரை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரை குறைந்தபட்சச் சம்பளமாவது தர வேண்டும், ரிப்ஸை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நட்சத்திரம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓடர் வரும்வரை காத்திருக்கும் நேரத்துக்குத்தான் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தைக் காருக்குள் வீணாக்காமல் படியுங்கள், அல்லது அம்மாவோடு கதையுங்கள்.

அப்புறம், மாணவர் விசா என்றால் படிப்பு நடக்கும் காலத்தில் இப்படி வெளியில் வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். யாருக்காகவும் அதைத் தாண்ட வேண்டாம்.