பேரப்பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு: கையில் இருக்கும் காசுக்குள்

வாசகர் கேள்வி – பதில்

மகன் வீட்டில் நான்கு, மகள் வீட்டில் இரண்டு என்று ஆறு பேரப்பிள்ளைகள். சின்னவளுக்கு 3 வயது, பெரியவனுக்கு 15. ஒதுக்க முடிந்தது 900 ரூபாய்தான். ஆளுக்கு 150 என்று பிளாஸ்டிக் பொம்மை வாங்கினால் பொங்கல் வரை தாங்குவதில்லை. என்ன செய்யலாம்?
– ஓர் ஆயா, சத்துவாச்சாரி

900-ஐ ஆறால் வகுப்பதை முதலில் விடுங்கள் அம்மா. 3 வயதுக்கும் 15 வயதுக்கும் ஒரே செலவு ஆகாது. ஆனால் ஆறு பேரும் ஒரே இடத்தில் பிரித்துப் பார்ப்பார்கள், "அவனுக்கு மட்டும் பெரிசு" என்ற பேச்சு வரும். அதனால் வெளியே எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பை, உள்ளே அவரவர் வயதுக்கு ஏற்ற பொருள் என்று வையுங்கள்.

ஆறு பைக்கும் ஒரே ஒரு குடியாத்தம் லுங்கி போதும். மூட்டாததாகக் கேட்டு வாங்குங்கள். மூட்டியதைப் பிரித்தால் விளிம்பு வீணாகும். 2 மீட்டர் நீளமும் 1.20 மீட்டர் அகலமும் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். கஞ்சி போவதும், துணி சுருங்குவதும், சாயம் விடுவதும் அப்போதே முடிந்துவிடும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே பை கோணிக்கொள்ளும், உள்ளே வைத்த வெள்ளை நோட்டில் சாயம் ஏறும்.

30 செ.மீ. அகலம், 70 செ.மீ. நீளத்தில் ஆறு துண்டு வெட்டுங்கள். மிச்சம் இருப்பது உள்பாக்கெட்டுக்கு. துண்டை இரண்டாக மடித்தால் 35 செ.மீ. உயரம் வரும். பக்கத் தையலை வாயிலிருந்து 5 செ.மீ. கீழே தொடங்குங்கள். வாயை 4 செ.மீ. மடித்து அடித்தால் நாடா ஓடும் வழி கிடைக்கும். ஒரு பைக்கு 80 செ.மீ. நாடா இரண்டு. ஒன்றை இடமிருந்தும் மற்றதை வலமிருந்தும் கோத்தால்தான் வாய் நேராக மூடும். ஒன்றை மட்டும் கோத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சின்னவள் பைக்கு மட்டும் நாடா வேண்டவே வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. அதற்கு வெல்க்ரோ தைத்துவிடுங்கள்.

இனி உள்ளே வைப்பது. சின்னவளுக்கு வீட்டிலேயே விளையாட்டு மாவு செய்யலாம். மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ. கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிளறினால் சில நிமிடத்தில் உருண்டு வாணலியை விட்டு வரும். பிசுபிசுப்பு இருக்கும்போதே இறக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஆறினாலும் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். விரலால் தொட்டால் ஒட்டாத வரை கிளறுங்கள். ஆறியபின் பிசைந்து இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் திறந்து வைத்தால் நீர் விடும். உப்பு மிக அதிகம், குழந்தை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மரப் பம்பரமும் சாட்டையும் கொடுங்கள். கடையிலேயே இரண்டு விரலால் சுற்றிப் பாருங்கள். தள்ளாடினால் ஆணி நடுவில் இறங்கவில்லை, வேறு எடுங்கள். இன்னொருவருக்குப் பல்லாங்குழி: பழைய காலண்டர் அட்டையில் ஏழேழாக இரண்டு வரிசை வட்டம் வரைந்து, 70 புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துச் சிறு பையில் கட்டிக் கொடுத்தால் குழிக்கு ஐந்து வீதம் ஆட்டம் தயார். பெரியவனுக்கு அடுத்த பதிலில் சொல்லும் தோல் பர்ஸ் பொருந்தும்.

மருமகன் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். துண்டுத் தோல் மலிவாகக் கிடைக்கும் என்கிறார். பேரனுக்கு அதில் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு தாத்தா, ஆம்பூர்

தாராளமாகச் செய்யலாம். முதல் முயற்சிக்குச் சில்லறை பர்ஸ்தான் சரி, ஜிப் வேண்டாம்.

துண்டை எடுத்ததும் இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் அது வயிற்றுப் பகுதித் தோல், பர்ஸ் தொளதொளத்துவிடும். மடித்துப் பிடித்து மேல்பூச்சு வெடிக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றேகால் மில்லிமீட்டர் கனத்தில், 12 செ.மீ. அகலமும் 26 செ.மீ. நீளமும் உள்ள ஒரே துண்டு போதும். 10 செ.மீ. கீழே, 10 மேலே, மீதி 6 மூடி. இரும்பு ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் வெட்டுங்கள். கத்தரியால் வெட்டினால் விளிம்பு அலை அலையாக வரும்.

இரண்டு பக்கத் தையலும் 10 செ.மீ. நீளம். விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு இழுத்து, 5 மி.மீ.க்கு ஒன்றாகப் புள்ளி வைத்தால் பக்கத்துக்கு 21 துளை. இரு மடிப்பையும் சேர்த்துப் பிடித்து ஒரே குத்தில் குத்தூசியை இறக்குங்கள். தனித்தனியாகக் குத்தினால் துளைகள் நேராகச் சேராது. விளிம்புக்கு இன்னும் நெருங்கினால் நூலை இறுக்கும்போது தோல் கிழியும்.

நூல் தையலின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு, அதோடு ஒரு சாண் கூடுதல். மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்து, இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு ஊசி முன்னிருந்தும் மற்றது பின்னிருந்தும் போக வேண்டும். இப்படித் தைத்தால் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும், மெஷின் தையலுக்கு இந்தப் பலம் கிடையாது. கடைசியில் இரண்டு துளை பின்னோக்கி வந்து முடியுங்கள். மூடிக்கு டிச் பட்டனைச் செருப்பு தைப்பவரிடம் அடித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: மிஞ்சிய சிம்புகளை அடுப்பில் போடாதீர்கள். ஷூ தோலில் பெரும்பாலானது குரோமியம் உப்பில் பதனிட்டது, அதை எரித்தால் வரும் புகையும் சாம்பலும் கெடுதி.

கடையில் விற்கும் பெரிய நட்சத்திரம் கட்டுப்படியாகவில்லை. பேரன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். மூங்கிலில் நானே கட்டினால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டையாக வருகிறது. எங்கே தப்பு?
– பேரணாம்பட்டு வாசகர்

குச்சிகளில் அடையாளம் வைக்காமல் கண் அளவில் கட்டுவதுதான் தப்பு ஐயா. அளவு சொல்கிறோம்.

காய்ந்த மூங்கிலில் அரை செ.மீ. கனச் சிம்பு பத்து, ஒவ்வொன்றும் 62 செ.மீ. முனைக்கு ஒரு செ.மீ. கட்டுக்குப் போனால் 60 மிஞ்சும். கட்டு விழும் இடத்திலிருந்து 23 செ.மீ.யில் இரு பக்கமும் பேனாவால் கோடு போடுங்கள். நடுவில் 14 செ.மீ. நிற்கும். ஐந்து சிம்பை ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்து முனைகளைத் தளர்வாகக் கட்டுங்கள். குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடமும் அந்தக் கோடுகள் மேல் சரியாக விழ வேண்டும். விழாத இடத்தை நகர்த்தி, பிறகுதான் முனைகளை இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிட்டால் திருத்த முடியாது. சிம்பில் கணு இருந்தால் அந்த இடம் வளையாது, கால் கோணும். கணுவைச் சீவி விடுங்கள்.

இதே போல் இரண்டு செய்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். வெட்டும் இடங்களில் 10 செ.மீ. குச்சி ஐந்தை நிற்கவைத்தால் நட்சத்திரம் வயிறு புடைத்து நிற்கும்.

காற்றாடித் தாள் 22 துண்டு: 14–23–23 முக்கோணம் பத்து, 10–23–23 முக்கோணம் பத்து, 14 செ.மீ. பக்கம் உள்ள ஐங்கோணம் இரண்டு. எல்லாவற்றுக்கும் ஒட்டுவதற்கு 1 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். மைதா 2 மேசைக்கரண்டிக்குத் தண்ணீர் 1 கப், காய்ச்சி ஆறவைத்துக் குச்சியில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். பேரன் கைபடும் வேலைக்கு அது விஷம், வேண்டாம்.

ஒரு பக்கவாட்டுத் துண்டை மட்டும் மேலோரத்தில் ஒட்டிக் கதவாக விடுங்கள், பல்பு போட வழி அதுதான். சிறிய எல்.இ.டி. பல்பு மட்டுமே போடலாம், குண்டு பல்பின் சூட்டில் தாள் பற்றும். மார்கழிப் பனியில் பசை இளகும் என்பதால் மொட்டை மாடியில் கட்டாமல் தாழ்வாரத்துக்குள் தொங்கவிடுங்கள்.

எங்களைக் கேட்டால், கட்டி முடித்த நட்சத்திரத்தைவிடக் கோடு போட்ட சிம்பு, வெட்டிய தாள், நூல் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி டிசம்பர் முதல் வாரமே பேரனிடம் கொடுப்பதுதான் நல்ல பரிசு. கட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பேத்திக்கு 2 வயது. பொம்மைக்குப் பதில் செல்வமகள் கணக்கு நானே தொடங்கலாமா?
– காட்பாடி வாசகி

அப்பாவோ அம்மாவோ, இல்லையென்றால் சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்க முடியும். பாட்டி என்ற உரிமையில் முடியாது. மகளைத் தபால் நிலையத்தில் கணக்கைத் தொடங்கச் சொல்லி, அதில் நீங்கள் பணம் கட்டுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய். 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். ஓர் ஆண்டு விட்டுப்போனால் 50 ரூபாய் அபராதத்தோடு தொடரலாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 250 என்று வைத்துக்கொண்டால் மறக்காது. 2 வயதுக் குழந்தைக்கு ரசீதைக் கொடுத்து என்ன பயன்? கூடவே ஒரு துணிப் பந்தும் கொடுங்கள்.

பெங்களூரில் இருக்கும் பேரனுக்கு மண் உண்டியல் அனுப்பினால் ஒவ்வொரு முறையும் உடைந்தே போகிறது.
– ஆற்காடு வாசகர்

வெளியே மட்டும் வைக்கோல் சுற்றினால் போதாது. உண்டியலைத் துணியில் சுற்றிச் சிறு அட்டைப் பெட்டியில் இறுக்கி வையுங்கள். அதைப் பெரிய பெட்டிக்குள் ஆறு பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு வைத்து, அந்த இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளைத் திணியுங்கள். உள்ளேயும் ஒரு சீட்டில் முகவரி எழுதிப் போடுங்கள். ஒட்டுவதற்கு முன் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். ஆடும் சத்தம் கேட்டால் இன்னும் தாள் வேண்டும்.