விவசாயச் செய்தியின் பின்னால் இருப்பவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேளாண் தகவல் பணியில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். முதலில் வானொலியில் உழவர் நிகழ்ச்சி, பிறகு துண்டுப் பிரசுரங்கள், மாத இதழ். பிரிவுபசார விழாவில் பேசச் சொல்லியிருக்கிறார்கள், மலருக்கும் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எழுத உட்கார்ந்தால் ‘ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும்’ என்றுதான் வருகிறது. யாரையாவது விட்டுவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. எப்படி எழுதுவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ‘அனைவருக்கும்’ வரியை முதலில் அடித்துவிடுங்கள். அது யாருக்கும் போய்ச் சேராது. ஆட்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வேலையிலிருந்து தொடங்குங்கள். ஆராய்ச்சி நிலையத்தில் புறப்படும் செய்தி வயலுக்குப் போவதற்குள் எங்கெல்லாம் கெட்டுப்போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் நின்று அதைக் காப்பாற்றியிருக்கிறார். என்ன காப்பாற்றினார் என்று எழுதினாலே அது நன்றிதான்.

பூச்சிமருந்துப் பிரசுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்டேருக்கு 500 மில்லி, 500 லிட்டர் தண்ணீரில் என்று விஞ்ஞானி எழுதித் தருகிறார். விவசாயி ஏக்கர் கணக்கில்தான் யோசிப்பார். ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீர், பத்து லிட்டர் டேங்குக்கு 10 மில்லி, மொத்தம் இருபது டேங்க் என்று ஒருவர் பிரித்துப் போட வேண்டும். கணினியில் அச்சுக்கோக்கும்போது ‘எக்டேர்’ ஒரே ஓர் இடத்தில் ‘ஏக்கர்’ ஆகிவிட்டால் வயலில் விழுவது இரண்டரை மடங்கு மருந்து. காசு போகும், பயிர் கருகலாம். நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்து, நெல்லில் புகையான் பூச்சி முன்னைவிட அதிகமாகக் கிளம்பவும் வாய்ப்புண்டு. பவர் ஸ்ப்ரேயர் வைத்திருப்பவர் கதை வேறு. அவருக்குத் தண்ணீர் குறைவாகத்தான் செலவாகும். லிட்டருக்கு இத்தனை மில்லி என்று மட்டும் அச்சிட்டால் ஏக்கருக்குப் போக வேண்டிய மருந்து போகாது. பூச்சி சாகாது, பழி பிரசுரத்தின் மேல் விழும். மூன்றாவது ப்ரூஃபிலும் பேனாவோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தவர் உங்கள் அலுவலகத்தில் இருந்திருப்பார். ‘கடின உழைப்பாளி’ என்று அவரைச் சொல்லாதீர்கள். எக்டேரையும் ஏக்கரையும் பிரித்துக் காத்தவர் என்று சொல்லுங்கள்.

படம் போட்டவரையும் அச்சகத்தில் நிறம் பார்த்தவரையும் அப்படித்தான். நெல்லில் குலை நோய்ப் புள்ளி இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி நோயில் எள் மாதிரி நீள்வட்டப் புள்ளி. அச்சில் நிறத்தகடுகள் கொஞ்சம் விலகினாலும் சாம்பல் பழுப்பாகிவிடும், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், விவசாயி வேறு மருந்து வாங்கிவருவார். அந்தத் தாளைத் திருப்பியனுப்பி மறுபடி ஓட்டச் சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது. இதழ் தாமதமானதற்காக அன்று அவர் திட்டுகூட வாங்கியிருக்கலாம். இன்றைக்காவது அதைச் சொல்ல வேண்டாமா?

வானொலியில் டேப் காலத்து எடிட்டர்களை அவசியம் எழுதுங்கள். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் டேப்பில் ‘தெளிக்கக் கூடாது’ என்பதில் வரும் ‘கூடாது’ நாலு அங்குலம்கூட இருக்காது. நிகழ்ச்சி நேரத்தைத் தாண்டுகிறதென்று மூச்சையும் இழுவையையும் பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டும்போது அந்தத் துண்டும் கூடவே போய்விட்டால் ஆலோசனை தலைகீழாகிவிடும். வெட்டிய துண்டையெல்லாம் நிகழ்ச்சி போய்ச் சேரும்வரை கழுத்திலோ மேசை விளிம்பிலோ தொங்கவிட்டு வைத்திருந்தவர்கள் அவர்கள். அளவைச் சொல்லும்போது நிதானித்து, இரண்டாம் முறையும் சொல்லி, கேட்பவர் பென்சிலைத் தேட நேரம் கொடுத்த அறிவிப்பாளரும் அதே வரிசைதான்.

விவசாயிகளை ‘பயனாளிகள்’ பக்கத்தில் தள்ளிவிடாதீர்கள். அவர்களும் உங்கள் சகாக்கள். மும்முனை மின்சாரம் வருவதே சில மணி நேரம். பேட்டியில் இரைச்சல் விழக்கூடாதென்று அந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்தி வைத்தவர் தன் தண்ணீரை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சாவூரே சாட்சி. 1960களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் குறுவைக்கு வந்தபோது திருச்சி வானொலி அதை வீடுவீடாகக் கொண்டுபோனது. விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். எனக்கு அது பெரிய பெருமையாகப் படுகிறது. ஆனால் அந்த ரகத்தை உருவாக்கியவர்கள், விதையைப் பெருக்கியவர்கள், வரப்பில் நின்று விளக்கிய கிராம சேவக் என்ற ஊர்மட்ட அரசுப் பணியாளர்கள், ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்தவர்கள் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? உங்கள் ஒரு பக்கத்துக்கு இந்த வேலை இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. பழைய கியூ ஷீட் (வானொலி நிகழ்ச்சி வரிசைத் தாள்), அச்சுக்குப் போன கோப்பு, ஜீப்பின் லாக் புத்தகம் கிடைத்தால் ஒரு மாலை புரட்டுங்கள். நினைவில் வராத பெயர்கள், முக்கியமாக டிரைவர்கள், அதில் இருப்பார்கள். ஒருவருக்கு இரண்டு வரி போதும்: என்ன வேலை, எதைக் கெடாமல் காத்தார். பதவி வரிசையில் அடுக்காதீர்கள், செய்தி போகும் வழியிலேயே அடுக்குங்கள். அப்போது யாரையும் விட்டுவிடும் பயம் குறையும், வழியில் ஓர் இடம் காலியாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். இனிஷியலை அவரவரிடமே கேட்டுச் சரிபாருங்கள். மேடையில் நேரம் கம்மி, மூன்று பேரைப் பற்றி மட்டும் முழுதாகப் பேசுங்கள், மற்றவர்கள் மலரில். காலமானவர்கள் வீட்டுக்கு மலரைத் தபாலில் போடாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.

அன்புடன்